இரண்டு மொய்நோட்டில் ஒரே கடிகாரம்

நான் விவாகரத்து கேட்டு வக்கீலிடம் போனதாகத் தண்டு என்கிற எங்கள் கன்டோன்மென்ட் முழுவதும் பேச்சு. என் கணவர் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது.

இன்று ஜட்கா வண்டி பிடித்துப் போனது சாட்சி சொல்ல. விவாகரத்து செய்யப்போகும் எஸ்தரும் டேனியலும், கல்யாணத்துக்கு நான் கொடுத்த சுவர்க்கடிகாரம் யாருக்கு என்று அடித்துக்கொள்கிறார்கள்.

“எங்க வீட்டு மொய்நோட்டுல எழுதியிருக்கு, ஆன்ட்டி!” என்றாள் எஸ்தர்.

“எங்க நோட்டுலயும்தான் இருக்கு!” என்றான் டேனியல்.

இரண்டும் உண்மை. சம்பந்திகள் இருவரில் ஒருவரும் மனம் வருந்தக்கூடாது என்று இரண்டு நோட்டிலும் எழுதச் சொன்னவள் நான்தான்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “அப்படின்னா நீங்க இன்னொரு கடிகாரம் பாக்கிம்மா.”

என் ஆயுளில் நான் யாருக்கும் பாக்கி வைத்ததில்லை.

நான் இன்னொன்று வாங்கித் தரவேண்டும் என்பவர்கள், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.