அக்காவின் கொழுப்பில் தேடியது

கொழுப்பைத் தொட எனக்குப் பிடிக்காது. ஆனால் பதினெட்டு வருடமாக அதைத் தொட்டுத்தான் சம்பளம் வாங்குகிறேன். மைசூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் டெக்னீசியன் வேலை. ஆபரேஷனில் வெட்டி எடுப்பதெல்லாம், கெட்டுப்போகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய வாளியில் எங்களிடம் வரும். மார்பகம் என்றால் அதில் பெரும்பகுதி கொழுப்புதான். மஞ்சளாக, வழவழவென்று, கத்தியிலும் பலகையிலும் ஒட்டிக்கொண்டு வரும். மூன்று தரம் சோப்புப் போட்டாலும் பிசுக்குப் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே நெய்ச்சோறு எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். கல்யாணம் செய்துகொள்ளாத நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவள் நஞ்சன்கூட்டில் பள்ளி ஆசிரியை, தினமும் ரயிலில் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வீட்டில் பன்றிக்கறி வறுவல். சட்டியில் துழாவிக் கொழுப்புத் துண்டாகப் பொறுக்கித் தின்பாள். உதடு மினுமினுக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

"இப்படியே தின்னு. ஒருநாள் உன்னையும் வாளியிலதான் பார்க்கப் போறேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"நீ சும்னே இரு கணே" என்றாள். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவள் தமிழில் கன்னடம் ஒட்டிக்கொள்ளும். நம் 'அடியே'தான் அந்தக் 'கணே'. அன்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போன மழைக்காலத்தில் அவள் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் ஆனது. மறுநாள் காலையில் எங்கள் மேஜை மேல் வாளி, வாளி மேல் அவள் பெயர்.

எங்கள் டாக்டரம்மா கன்னடக்காரர், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். "நீ வீட்டுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்" என்றார். மறுத்துவிட்டேன். பாசத்தால் மறுத்தேன் என்று சொன்னால் பொய். பருத்த பெண்களின் வாளி வந்தால் "இன்னைக்கு வெண்ணெய் வந்திருக்கு" என்று சொல்லிச் சிரிப்பது எங்கள் கூடத்தில் வழக்கம். அந்தக் கேடுகெட்ட வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான். என் அக்காவைப் பார்த்து வேறொருத்தி அதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் என்னை அங்கே நிறுத்தியது.

கட்டியை டாக்டரம்மா வெட்டினார். அக்குள் கொழுப்பு என் பங்கு. அதற்குள் பயறு பயறாக நிணநீர் முடிச்சுகள் புதைந்திருக்கும். புற்று மார்பை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அதுதான். கொழுப்புக்குள் அவற்றைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விரலால் பிசைந்து, நசுக்கி, கெட்டியாகத் தட்டுப்படுவதை எடுக்க வேண்டும். எத்தனை முடிச்சில் புற்று இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் வைத்தியம் முடிவாகும்.

விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதால் அந்த வேலைக்குக் கைக்கு ஒரு கையுறைதான் போட வேண்டும். நான் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொண்டேன். ஊரார் கொழுப்பே எனக்கு அருவருப்பு. இதுவோ நான் பார்க்கப் பார்க்க வளர்ந்த கொழுப்பு. நசுக்கும்போது பிதுங்கி வந்த எண்ணெய் இரண்டு கையுறையையும் தாண்டி என் தோலில் பட்டுவிடுமோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே பிசைந்தேன். ஏழு கிடைத்தது. போதும் என்று வாளியை மூடிவிட்டேன்.

இரண்டு நாளில் ஸ்லைடு வந்தது. ஏழிலும் புற்று இல்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்து ஆகும் முன்பே அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் நன்றிப் பூசைக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா என்னை மைக்ராஸ்கோப்புக்குக் கூப்பிட்டார். அக்காவின் கட்டியும் கொழுப்பும் சேரும் விளிம்பு அது. தள்ளி இருந்த கொழுப்பு செல்கள் பெரிது பெரிதாக, உருண்டையாக இருந்தன. கட்டியை ஒட்டி இருந்தவை மட்டும் சுருங்கிச் சூம்பிப் போயிருந்தன.

"கட்டி ஆள் அனுப்பிக் கேட்குது, இது உள்ளே இருக்கிற எண்ணெயைக் கரைச்சுக் குடுக்குது" என்றார். "சும்மா குடுக்கிறதோட நிக்காது. இதுவும் பதிலுக்குச் சமாச்சாரம் அனுப்பும். வளரு, நகருன்னு சொல்லும். மாதவிடாய் நின்ன பிறகு ஹார்மோன் வேற இதுலதான் ஊறுது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டே இருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஜடம், குப்பை, வழித்து எறிய வேண்டியது என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தது அந்த எழவோடு கொஞ்சிக் குலாவிக்கொண்டு இருந்திருக்கிறது. அதுவும் என் அக்காவுக்குள். பன்றிக்கறி நினைவு வந்தது. அவள் தின்றுதானே இப்படி ஆனது என்று, அந்த நிலையிலும் மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

டாக்டரம்மாவுக்கு என் முகம் புரிந்திருக்க வேண்டும். "ஒல்லியானவங்க ஸ்லைடிலயும் இதே கூத்துதான். மார்புன்னு இருந்தா கொழுப்பு இருக்கும்" என்றார். பிறகு கேட்டார்: "ஏழுதான் கிடைச்சுதா? பத்துக்கு மேல எடுக்கிற கையாச்சே உன்னுது. எத்தனை கையுறை போட்டிருந்தே?"

நான் இரண்டு விரலை நீட்டிக் காட்டினேன்.

"ஒண்ணைக் கழட்டிட்டுப் போய்த் திரும்பத் தேடு."

வாளியைத் திறந்தேன். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. ஒற்றைக் கையுறைக்குள் என் விரல்கள் எல்லாவற்றையும் உணர்ந்தன. இன்னும் ஐந்து முடிச்சு இருந்தது. துவரம்பருப்பு அளவுதான். அதில் இரண்டு கல்லாக இருந்தன. கையில் பட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்லைடு வந்தபோது அந்த இரண்டிலும் புற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். இரண்டு முடிச்சில் புற்று இருப்பதையும், கொழுப்பைப் பற்றி டாக்டரம்மா காட்டியதையும் சொன்னேன்.

"பூசைக்குச் சொல்லிட்டேனே" என்றாள் முதலில். பிறகு, "இப்ப கீமோ எடுக்கணும், ஹௌதா?" என்று கேட்டாள்.

"ஆமா. ரேடியேஷன் கரண்டும் வைப்பாங்க."

"என் உடம்பே அதுக்குத் தீனி போட்டுச்சா?"

"எல்லார் உடம்பும் போடுமாம். நீ தின்னதுனால மட்டும் இல்ல." டாக்டரம்மா சொன்னதைத்தான் சொன்னேன். நான் மனதுக்குள் திட்டியதைச் சொல்லவில்லை.

"சரி, முதல் தடவை ஏன் கிடைக்கல?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சின்னதாக இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நம்பியிருப்பாள். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவள் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையுறை போட்டிருந்தேன் அக்கா. எனக்கு அருவருப்பா இருந்துச்சு."

"என்னையா கணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் விலாவில் ஒரு குழாய் வைத்து விட்டிருந்தார்கள். காயத்தில் ஊறும் நீர் அதன் வழியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இறங்கும். தினமும் இந்த நேரத்துக்கு அதை அளந்து கொட்டுவது நான்தான். மஞ்சளும் சிவப்புமாக, கொழுப்புத் துணுக்கு மிதக்கும். எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு அதற்காகக் குனிந்தேன். கையுறை போடவில்லை.

அக்கா டப்பாவை நகர்த்தித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"பேடா, வேண்டாம்" என்றாள். "நானே கொட்டிக்கறேன்."