மஸாஹிர் மோதினாரின் ஜனாஸா அறிவித்தல்

மஸாஹிர் மவுத்தாகிவிட்டார் என்று ஊருக்கு அறிவித்தவர் மஸாஹிரேதான். அதுவும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், பட்டப்பகலில், சொந்தக் குரலில். அந்தக் குரல் யாருடையது என்று ஊர் ஆண்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லையே என்பதுதான் அவருக்கு இன்றுவரை ஆறாத கோபம். இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் பள்ளியின் மோதினார் அவர். ஐந்து வேளையும் அதே குரலில்தான் பாங்கு சொல்லி ஊரைத் தொழ அழைத்திருக்கிறார்.

ஊர், வண்ணாத்திவில்லுப் பக்கம், கடலை ஒட்டிய களப்பின் ஓரமாக இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்தவர்கள் கிடுகுக் கொட்டில் போட்டுக் குந்திய இடம். இப்போது கல்வீடு, தகரக் கேட், பாண் கடை எல்லாம் வந்துவிட்டன. வந்த புதிதில், மஸாஹிருக்கு மீசை அரும்பிய வயதில், யார் வீட்டு அடுப்பிலிருந்தோ பறந்த பொறியில் ஒரு வரிசைக் கொட்டில்கள் எரிந்து போயின. ஆட்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். வாப்பா அத்தனை பாடுபட்டுக் காவிக்கொண்டு வந்த ஒரே சொத்தான தையல் மெசின் அதிலேதான் போனது. அன்றிலிருந்து மஸாஹிருக்கு இரண்டு பேரைக் கண்ணில் காட்டக்கூடாது. ஒருவர் நெருப்பு வைப்பவர், மற்றவர் நின்று பார்ப்பவர். நின்று பார்ப்பவர் மேல்தான் கோபம் கூட.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த ஊரோ ஒவ்வொரு வருடமும் எரிகிற ஊர். களப்புக்கும் வீடுகளுக்கும் நடுவே பற்றைக்காடு. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் புல் காய்ந்து சருகாகிவிடும். மாடு மேய்ப்பவர் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவார். முயலுக்குப் போனவர் பீடியை அணைக்காமல் எறிவார். யார் கொளுத்தியது என்று விசாரித்துப் பாருங்கள், ஊரில் ஒருவருக்கும் நெருப்புப்பெட்டி என்றால் என்னவென்றே தெரியாது. காடு எரிந்தால் பிள்ளைகள் வாரக்கணக்கில் இருமும். யானைகள் போக்கிடம் இல்லாமல் வேலியை உடைத்துக்கொண்டு வளவுக்குள் வரும். பின் வரிசையில், மையவாடியை ஒட்டி இருக்கும் சித்தி ஸுலைஹா என்ற பெயருடைய விதவையின் ஆட்டுக்கொட்டில் ஒரு வருடம் ஆடுகளோடு எரிந்தது. கட்டியிருந்த கயிற்றை அறுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆடுகள் கத்தியதை மஸாஹிர் கேட்டார். அதற்குப் பிறகு அவர் இறைச்சிக் கறியைத் தொட்டதில்லை.

மையவாடி என்பது ஊரின் அடக்கஸ்தலம். காடு முடிந்து ஊர் தொடங்கும் எல்லையில் இருக்கிறது. அதன் மேற்கு வேலியோரமாகப் புல்லைச் செதுக்கி, அகலமாக மண்ணைக் கொத்திப் போட்டால் நெருப்பு அங்கேயே நின்றுவிடும். இது மஸாஹிர் கண்டுபிடித்த விஷயமொன்றும் அல்ல. ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் செய்யாமல் இருப்பதுதான் வயிற்றெரிச்சல். பள்ளிவாசல் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியாரிடம் அவர் எத்தனையோ தடவை போய் நின்றார்.

"காடு அரசாங்கத்துட சொத்து மோதினார். ஒரு கொப்புல கை வச்சாலும் வழக்கு."

"காட்டுல ஆரு கை வைக்கச் சொன்ன? மையவாடி பள்ளிட காணிதானே ஹாஜியார். அதுக்குள்ளால வெட்டுவம். ஒரு நாள் எல்லாரும் வந்தாப் போதும்."

"இன்ஷா அல்லாஹ், பாப்பம்."

எவ்வளவு நல்ல சொல் அது! அதை வேலைக்கள்ளர்கள் இப்படிப் பாவிப்பதைக் கேட்டால் மஸாஹிருக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வருடத்துப் 'பாப்பம்' அடுத்த வருடத்துக்குப் போனது. அது அதற்கடுத்த வருடத்துக்கும் போனது.

போன வருடம் ஒரு நாள், நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, பள்ளி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவருக்குப் புகை மணத்தது. மையவாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். நெருப்பு புல்லோடு புல்லாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. காற்று நேரே ஊர்ப்பக்கம் அடித்தது. திரும்பி ஓடி வந்து மைக்கைப் பிடித்தார்.

"மையவாடிப் பக்கம் நெருப்பு வருது. எல்லாரும் தண்ணி, மம்பட்டியோட உடனே வாங்க. அவசரம்!"

சொல்லிவிட்டுத் திரும்ப மையவாடிக்கு ஓடினார். யார் வந்தார்கள் தெரியுமா? பாண் கடை ஹுனைஸும் இன்னும் இரண்டு மூன்று பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு போன் கையில். மண்வெட்டி ஒருவர் கையிலும் இல்லை.

"மோதினார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நெருப்பு வடிவாத் தெரியட்டும்" என்றான் ஹுனைஸ்.

டவுனில் தீயணைப்பு வண்டி வேறொரு நெருப்புக்குப் போயிருந்தது, வரச் சுணங்கும் என்றார்கள். மற்றவர்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். வருடா வருடம் வருகிற புகைதானே, யாராவது போவார்கள்தானே. சித்தி ஸுலைஹா மட்டும் நனைந்த சாக்கு ஒன்றால் தன் வேலியைத் தனியே அடித்துக்கொண்டிருந்தாள். பின் வரிசை முழுக்கக் கிடுகு வேலி. ஒன்று பிடித்தால் மற்றது பிடிக்கும். கெட்ட வார்த்தை பேசாத மனிதர் மஸாஹிர், அன்று மையவாடியில் நின்று ஒன்று பேசினார். பிறகு இரண்டாவது தடவையாக ஓடினார், பள்ளிக்கு.

"ஜனாஸா அறிவித்தல். எமது பள்ளிவாசல் மோதினார் மஸாஹிர் அவர்கள் காலமானார்கள். எல்லோரும் உடனடியாக மையவாடிக்கு வரவும். மண் இறுகிப்போய் இருப்பதால் வருபவர்கள் மண்வெட்டி கொண்டு வரவும்."

வேறொருவர் பெயரைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வீட்டை அநியாயமாக அழவைக்கக் கூடாது என்று நினைத்தார். தனக்கும் ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு மனைவி இருக்கிறாள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஜனாஸா என்றால், ஒருவரை அடக்கம் செய்வதென்றால், எங்கள் சனத்தைக் குறை சொல்ல முடியாது. தின்று கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். கடைக்காரர் கடையை இழுத்து மூடினார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். வெள்ளைத் தொப்பியும் சாரமும் தோளில் மண்வெட்டியுமாக, மையவாடி றோட்டு நிரம்பியது. முன்னால் செய்னுலாப்தீன் ஹாஜியார்.

"ஜனாஸா எங்க?" என்றார் ஹாஜியார். பிறகுதான் எதிரே நிற்பவரைப் பார்த்தார்.

"நான்தான் ஜனாஸா! எனக்குக் கபுறு பிறகு வெட்டலாம். முதல்ல அந்தப் புல்லை வெட்டுங்க!"

சண்டை பிடிக்க எல்லோருக்கும் ஆசைதான், ஆனால் நெருப்பு மேற்கு வேலியைத் தொட்டுவிட்டது. வெட்டினார்கள். மண்ணை அள்ளி எறிந்தார்கள். பச்சைக் கொப்புகளால் அடித்தார்கள். வெள்ளை உடுப்பெல்லாம் கரியானது. நடுவில் மஸாஹிரின் மனைவி றம்லா இரண்டு வாளித் தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை. குரலைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான்.

"மவுத்தான மனுசனுக்கு ராவைக்குச் சோறு இல்ல" என்று சொல்லிவிட்டு, வாளிகளை வைத்துவிட்டு அடுத்த இரண்டுக்குப் போனாள்.

நெருப்பு மையவாடியோடு நின்றது. சித்தி ஸுலைஹாவின் வேலியில் ஒரு மூலை கருகியது, அவ்வளவுதான். பின் வரிசையில் அன்றைக்கு எல்லோரும் தங்கள் தங்கள் கூரைக்குக் கீழேதான் படுத்தார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகத்தார் மஸாஹிரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பள்ளி மைக்கில பொய் சொல்லியிருக்கீங்க மோதினார். அதுவும் மவுத்தை வச்சு" என்றார் ஹாஜியார்.

"முதல்ல உண்மையைத்தானே ஹாஜியார் சொன்னன். நெருப்பு எண்டு சொன்னன். வந்தீங்களா?"

தீர்ப்பு சீக்கிரம் வந்தது. மஸாஹிர் இனிப் பாங்கு சொல்லக்கூடாது. மைக் பாங்குக்கும் ஜனாஸாவுக்கும் மட்டும். நெருப்பு அறிவித்தலே வேண்டாம். மைக் அறை, சாமான் அறைச் சாவிகள் ஹாஜியாரிடம் இருக்கும். மேற்கு வேலியோரம் வெட்டும் விஷயம்? இன்ஷா அல்லாஹ், பாப்பம்.

கூட்டுவதற்கும் பாய் விரிப்பதற்கும் அவரை வைத்துக்கொண்டார்கள். அடுத்த நாள் விடிகாலை சுபஹுக்கு வேறொருவர் பாங்கு சொல்ல, மஸாஹிர் கூட்டுமாறைப் பிடித்தபடி இருட்டில் நின்றார். அந்தப் பாங்கு ஒரு பொய்க்காகப் பறிபோயிருந்தால் தாங்கியிருப்பார். ஓர் ஊரைக் காப்பாற்றியதற்காகப் பறிபோனதை அவரால் விழுங்க முடியவில்லை. பிள்ளை மாதிரி அழுதார்.

இந்த வருடமும் கச்சான் பிடித்தது. புல் காய்ந்தது. மஸாஹிர் ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு, வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போய், மேற்கு வேலிக்கு உள்பக்கமாகக் கொத்தத் தொடங்கினார். மண் கல்லாகக் கிடந்தது. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. இடுப்பு நாரி விட்டுப்போகிற வலி. கொத்துக்கு ஒரு ஆளைத் திட்டிக்கொண்டே கொத்தினார், ஊரில் ஆட்களுக்கா பஞ்சம்?

ஹுனைஸ் மோட்டார்சைக்கிளில் றோட்டால் போனான். மையவாடிக்குள் மோதினார் மண் வெட்டுவதைக் கண்டான், நிற்காமல் போனான். கொஞ்ச நேரத்தில் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் நாலு பேர். பிறகு ஒரு கூட்டம். மைக்கில் ஒரு சொல் வரவில்லை. மையவாடியில் மண் கிளறினால் போதும், எங்கள் ஊருக்குக் கால் தானாக வரும். கடைசியாக ஹாஜியார் மூச்சிரைக்க வந்தார்.

"ஆருக்கு மோதினார் கபுறு?"

மஸாஹிர் நிமிரவில்லை. "எல்லாருக்கும்தான் ஹாஜியார்."

"திரும்பவும் ஏமாத்திப் போட்டீங்களே!"

"நான் வாயே திறக்கல்ல. கேட்டது நீங்க."

கொத்திய மண் வேலியோரமாக நீளத்துக்குக் கிடந்தது. போக வேண்டிய தூரமோ அதைவிட எவ்வளவோ அதிகம். அப்பால் பற்றைக்காடு காற்றில் சரசரத்தது. கூட்டத்தோடு திரும்பி வந்திருந்த ஹுனைஸ் தொப்பியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு கேட்டான்.

"பள்ளிட மம்பட்டியெல்லாம் எங்க மோதினார்?"

"சாமான் அறையில. சாவி ஹாஜியார்ட்ட."

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். ஹாஜியார் காட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சேட் பொக்கற்றுக்குள் கை விட்டார். மஸாஹிர் அதை நின்று பார்க்கவில்லை. அவருக்குக் கொத்த இன்னும் நிறைய இருந்தது.