சந்தனம் பட்ட சுவிட்ச்

நான் இப்போது ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு வருடமும் ஒரு குறிப்பிட்ட பகுதி வரும்போது மட்டும் வகுப்புப் பக்கம் திரும்பாமல் கரும்பலகையைப் பார்த்தே பேசுவேன். மேடம் படத்தில் கவனமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன். அடுத்தவர்கள் தப்பாக நினைப்பதை அப்படியே விட்டுவிடுவதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

கள்ளக்குறிச்சியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வெள்ளிமலையிலிருந்து வந்தவள். வகுப்பில் அவளுக்குப் பெயரே வெள்ளிமலைதான். அவளை யாரும் கேட்டு வைத்த பெயரல்ல. எங்கள் வீட்டில் கரும்பும் டிராக்டரும் இருந்தன. எனக்குப் படிப்பு ஏறாவிட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

வலையமைப்பின் ஏழு அடுக்குகளை நான் மந்திரம் மாதிரி ஒப்பிப்பேன். நாலாவது அடுக்கில் திக்குவேன். அவளுக்கு அது புரிந்தே இருந்தது. "சேதிய மேல இருந்து ஒவ்வொரு படியா எறக்கினு வராங்க. அந்தப் பக்கம் போனதும் திரும்ப ஏத்தறாங்க. அவ்ளோதான்டி, இதுல இன்னா இருக்குது?" என்பாள். ஆய்வகத்தில் எட்டு நிறக் கம்பிகளை வரிசை மாறாமல் அடுக்கி, பிளாஸ்டிக் முனைக்குள் செருகி, இடுக்கியால் அழுத்த வேண்டும். நாங்கள் எல்லோரும் முனைமுனையாக வீணடித்துக்கொண்டிருப்போம். அவள் முதல் தடவை அழுத்தியதே சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரிந்தது.

எங்கள் மேடம் ஒரு நாள், வகுப்பிலிருந்து ஒருத்தரைச் சென்னைக்கு ஒரு மாத வலையமைப்புப் பயிற்சிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். போனால் வேலை கிடைத்த மாதிரிதான். அது அவள்தான் என்று பெஞ்சு, மேசைக்குக்கூடத் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

ஆயுத பூசை விடுமுறைக்கு முந்தின நாள் ஆய்வகத்தைக் கழுவித் துடைத்துக் கணினிகளுக்குப் பொட்டு வைப்பது எங்கள் கல்லூரியில் வழக்கம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். சந்தனம் குங்குமம் அவள் பொறுப்பு. "தொங்கற ஒயரெல்லாம் ஒழுங்கு பண்ணுங்க" என்று மேடம் சொன்னது என் பொறுப்பு.

சுவரில் சுவிட்ச் இருந்தது. விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. எல்லாக் கணினிகளின் கம்பிகளும் வந்து சேரும் பெட்டி. அதிலிருந்து ஒரு குட்டைக் கம்பி, மறுமுனை எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பெட்டியில் ஒரு துளை காலியாக இருந்தது. செருகினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. பார்க்க லட்சணமாக இருந்தது. பின்னாலேயே அவள் வந்து பெட்டியின் தலையில் மூன்று விரலால் ஈரச் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தாள்.

விடுமுறை முடிந்து வந்த அன்று மாதிரிச் செய்முறைத் தேர்வு. மின்சாரம் போட்டதும் அந்தப் பெட்டியின் விளக்குகள் எல்லாம் சேர்ந்து வெறி பிடித்தது போல மினுக்கின. ஒரு கணினியாலும் இன்னொன்றை எட்ட முடியவில்லை. ஆய்வக உதவியாளர் பெட்டியைக் கழற்றி, காற்றுத் துளைக்குள் வழிந்து காய்ந்திருந்த சந்தனத்தைக் காட்டினார்.

"யாரு இதுக்குச் சந்தனம் வெச்சது?" என்றார் மேடம்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஈரம் ஆவாதுன்னுகூடத் தெரியாதா? மலைல இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போற."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

"தெரியாம பண்ணிட்டேங்க மேடம்," என்றாள்.

உதவியாளர் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிப் போட்டுப் பெட்டியைத் துடைத்தார். கணினிகளின் கம்பிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினார். வேலை செய்தது. சந்தனம்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது. குட்டைக் கம்பி தரையில் கிடந்தது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. மேடம் கரும்பலகையில் ஒரு சுவிட்ச் வரைந்தார். ஒரு கம்பியின் இரண்டு முனைகளையும் அதே சுவிட்சில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லோருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி இந்த வளையத்துக்குள் சுற்றிச் சுற்றிப் பெருகி, மற்ற எதற்கும் வழி விடாமல் அடைத்துவிடும் என்றார். விளக்குகள் ஓயாமல் மினுக்கும் என்றும் சொன்னார். அந்தக் குட்டைக் கம்பி நினைவுக்கு வந்தது. நான் என்ன செருகினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

பயிற்சிக்கு யார் என்று அப்போது அறிவித்திருக்கவில்லை. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் ஸ்கேல் வைத்து அந்தப் படத்தை நோட்டில் அழகாக வரைந்தேன்.

பெட்டியைக் கெடுத்தவள் வேண்டாமென்று, வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு என் பெயரைச் சொன்னார்கள். "போய்ட்டு வாடி. வந்து எனக்கும் சொல்லிக் குடு," என்றாள் அவள். பல்கலைக்கழகத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. படத்தோடு இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்தான். அதை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆய்வகத்தில் அவள் இடுக்கியைத் தொடவில்லை. "நீ செய்யி, நான் எழுதறேன்," என்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது.

இந்த மே மாதம், மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க எங்கள் கல்லூரி ஆசிரியர்களை ஜீப்பில் மலைக்கு அனுப்பியது. வெள்ளிமலையில், இணையத்தில் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை ஒன்றின் முன்னால் சாதிச் சான்றிதழுக்கு வந்த சனங்கள் நின்றார்கள். நேற்றிலிருந்து நெட் இல்லை என்றார்கள். உள்ளே அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கடை அவளுடையது.

"வாங்க மேடம்," என்று கிண்டலாகச் சிரித்தாள். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கம்பெனிக்குப் போன் செய்திருப்பதாகவும், கீழிருந்து ஆள் வர நாளை ஆகும் என்றும் சொன்னாள்.

சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தேன். கம்பியின் முனை வெளியே வந்து நின்றது. கொக்கி தேய்ந்த முனை. ஒரு விரலால் தள்ளினால் போதும்.

"இத நீ பாக்கலையா?" என்றேன்.

"பாத்தேன். ஆனா தொட மாட்டன்டி. என் கை ராசி அப்படி. நம்ப லேப்ல இன்னா ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

வகுப்பிலேயே நன்றாகக் கம்பிக்கு முனை அழுத்தியவள் இரண்டு நாளாக அந்த முனையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நான் எழுந்துபோய்த் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குட்டைக் கம்பி, காலித் துளை, கரும்பலகைப் படம், அந்த வெள்ளிக்கிழமை வரை.

அவள் பச்சை விளக்கையே பார்த்தாள்.

"அப்ப சந்தனம் இல்லியா?"

"இல்ல."

"பொட்டிய நான் கெடுத்துட்டேன்னு அடுத்த லீவுக்கு வந்தப்ப எங்கப்பாகிட்டச் சொன்னேன். நம்ப கைக்கு அதெல்லாம் ஆவாது, வுடு தாயின்னாரு. சாவற வரைக்கும் அப்டியேதான் நெனச்சிக்கினு இருந்தாரு."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்னாண்ட கேக்காத. அவராண்ட அது சந்தனம் இல்லன்னு நான் எப்டிப் போயி சொல்றது, அத மட்டும் சொல்லு."

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்து யாருங்க என்று வாசலைப் பார்த்துக் கேட்டாள்.