கால் நனைத்தால் போதாது

அந்த அம்மாள் கோழிப்பண்ணையில் முட்டை எடுப்பவர். நரைத்த கொண்டை, வெடித்த பாதங்கள். கொட்டகைக்குள் போகுமுன் மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து நனைத்துப் பழகியதில், எங்கள் சபை வாசலில்கூட ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவருக்கு ஞானஸ்நானம் என்று போதகரோடு மோகனூர் போயிருந்தோம். காவிரியைக் கண்டதும் அவருக்கு உடம்பு நடுங்கியது. மூழ்கி எழ வேண்டுமே!

“பயமா இருந்தா உடுங்கம்மா. ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்குன கள்ளன் ஞானஸ்நானமா எடுத்தான்? நம்புனான், பரதீசுக்குப் போயிட்டான்” என்றேன்.

“அவனுக்குக் கையும் காலும் ஆணியில இருந்துச்சுங்க சாமி. எனக்குச் சும்மாதானுங்களே இருக்குது?”

கரையோரத்தில் வழக்கம்போலப் பாதங்களை நனைத்து ஒரு கணம் நின்றார். போதகர் கை நீட்டுமுன்பே இடுப்பளவு தண்ணீருக்கு நடந்துவிட்டார். நடுக்கம் நிற்கவில்லை, கால்களும் நிற்கவில்லை.