கேட்டால்தான் துடக்கு

சீதேவி நெடுந்தீவில் பிறந்தவள். புளியங்கூடலில் எங்கள் பக்கத்து வளவு வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வந்த நாளிலிருந்து பிறந்த வீட்டுப் பக்கம் போக அவளை விடவில்லை. விடாதவர் அவளுடைய புருசன் மார்க்கண்டு இல்லை. அவன் வாய் திறக்காத மனுசன். மார்க்கண்டுவின் தமையன் மயில்வாகனம்தான் மறித்தவர். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கலியாண வீட்டில் நெடுந்தீவார் அவருக்குப் போட்ட கதிரைக்கு ஒரு கால் ஆட்டம். இருந்தார், கதிரையோடு விழுந்தார். நின்ற பெண்டுகள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காக ஒன்பது வருசம் ஒரு பெண்ணைத் தகப்பன் முகம் பார்க்கவிடாமல் வைத்திருந்த ஆளை நான் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது?

அவர் தெற்கே கடை வைத்திருந்தவர். அங்கே இருந்தபோதும் வீட்டில் அவர் சொல்தான் சட்டம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடையைக் கொளுத்திவிட்டார்கள். உடுத்த வேட்டியோடு வந்து சேர்ந்தார். அதற்கு நானும் அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே பட்டதற்கு இங்கே சோறு போட்டவளையா பழிவாங்குவது?

அடுத்த சித்திரையில் அவருடைய மகனும் மருமகள் அம்பிகையும் லண்டனிலிருந்து வந்தார்கள். அம்பிகை கொழும்பில் வளர்ந்தவள், தீவுப்பக்கம் கண்டதில்லை. பிள்ளை வேண்டி, நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நேர்த்தி வைத்திருந்தாள். மகனுக்கோ பழைய கோட்டைகளில் பைத்தியம். கோட்டையும் கோயிலுமாகச் சேர்த்து ஒரு பயணம் போட்டார்கள். தம்பிராசாவின் ஏ ஃபோட்டி கார் பிடித்தாயிற்று. சமைக்கச் சீதேவி. அவளுக்குத் துணையாகத் தேங்காய் துருவ நான்.

அந்த நேரம் சீதேவியின் தகப்பன் சரவணமுத்தர் பாரிசவாதத்தில் கிடந்தார். சேதி ஆள்மேல் ஆளாக வந்துகொண்டிருந்தது. அவள் முதல் தடவையாக மயில்வாகனத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“அத்தான், நெடுந்தீவுக் கோட்டை பாக்கப் போறியள்தானே. என்னை ஒருக்கா ஐயாட்டை விடுவியளோ?”

“நீர் பயணம் முழுக்க ஒழுங்காச் சமைச்சுத் தாரும். கடைசி நாள் பாப்பம்.”

“பாப்பம் எண்டு சொல்லாதையுங்கோ. விடுறன் எண்டு சொல்லுங்கோ.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “சரி, விடுறன்.”

அந்த ஒரு சொல்லுக்காக அவள் செய்த வேலையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும். முதலில் யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூர், கீரிமலை. பிறகு வடமராட்சியில் மணற்காடு. அங்கே வீடுயரத்துக்கு மணல். பழைய கிறிஸ்தவ வேதக்கோயில் ஒன்றை மணல் தின்று, சுவர் மட்டும் மிச்சம் நிற்கிறது. மகன் அந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். நாங்கள் மணலில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். காற்று சும்மா இருக்குமோ? தேங்காய்ப்பால் சொதிச் சட்டிக்குள் மணலை அள்ளிப் போட்டது.

“என்ன சீதேவி, இது சொதியோ சீமெந்தோ?” என்றார் மயில்வாகனம்.

நான் வாயைத் திறக்கப் போனேன். சீதேவி என் முழங்கையைப் பிடித்தாள். “விடுங்கோ அக்கா. கடைசி நாளுக்கு இன்னும் கொஞ்சந்தான்.”

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று கடலுக்குள் இருக்கிற கோட்டையைக் காட்டினார்கள். கல்லுக்கட்டு ஒன்று தண்ணீருக்குள் குந்திக்கொண்டிருந்தது. சீதேவி அதைப் பார்க்கவில்லை. மறுபக்கம் திரும்பி, நெடுந்தீவு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குறிகாட்டுவானில் காரை விட்டுவிட்டு வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனோம். அன்றிரவு மடத்தில் படுக்கை. விடியப் பொங்கல். இனி நான் சொல்லப்போவதை அன்றைக்கு நான் காணவில்லை. வள்ளக்கார அருளப்பு பிறகு சொன்னது. நெடுந்தீவு ஆள், வேதக்காரர், பொய் பேசாதவர்.

அருளப்பு விடியப்புறம் வள்ளம் ஓட்டி வந்து, கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த மயில்வாகனத்தைக் கண்டிருக்கிறார்.

“ஐயா, சரவணமுத்தர் மோசம் போயிட்டார். பின்னேரம் எடுக்கினம். சீதேவியை என்ர வள்ளத்திலை இப்பவே ஏத்திவிடுங்கோ. பெண்பிள்ளை அவள் ஒண்டுதான், வாய்க்கரிசி போடவேணும்.”

“நீ போ. நான் அவளுக்குச் சொல்லிக் கூட்டியாறன்.”

அருளப்பு நம்பிப் போய்விட்டார். மயில்வாகனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, “அடுப்பை மூட்டுங்கோ, நேரமாச்சு” என்றார். இந்தக் காதால் கேட்டேன்.

சீதேவி தோய்ந்து, ஈரச்சீலையோடு பொங்கினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவளுக்கு முகமெல்லாம் சந்தோசம். “பாத்தியளோ அக்கா, எவ்வளவு வடிவாப் பொங்கினது! ஐயாவுக்குச் சுகமாகும்” என்று என் காதுக்குள் சொன்னாள். தகப்பன் செத்துக் கிடக்கிறார், மகள் பொங்கலைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் நின்ற மயில்வாகனம் கையை நீட்டி முதல் ஆளாகத் தீர்த்தம் வாங்கினார்.

வெயில் ஏறி நெடுந்தீவு மாவிலித்துறையில் இறங்கினோம். சீதேவி பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். மயில்வாகனம் மறித்தார்.

“கோட்டையைப் பாத்திட்டுப் போவம். பிறகு நேரம் கிடையாது.”

இப்போதுதானே விளங்குகிறது. செத்தவீட்டுக்குள் கால் வைத்தால் துடக்கு, முழுக வேண்டும், கோயில் குளம், ஊர் பார்க்கிறது எல்லாம் நின்றுபோகும். அதனால் கோட்டை முதல், செத்தவர் பிறகு.

வண்டில் பிடித்துப் போனோம். கூரையில்லாத கோட்டை. கடற்கல்லால் கட்டின மொத்தச் சுவர், ஓட்டையான யன்னல்கள். மகன் படம் பிடித்தான். அந்த நேரத்தில் பறைமேளம் கேட்டது.

“ஆரின்ரையோ செத்தவீடு போலை” என்றாள் சீதேவி.

“தீவெண்டா ஆரும் சாவினந்தானே” என்றார் மயில்வாகனம், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அதற்குள் அருளப்பு சைக்கிளில் மூச்சு வாங்க வந்து குதித்தார். துறையில் எங்களுக்காகக் காத்து நின்று, தவறவிட்டுத் தேடி வந்திருக்கிறார்.

“என்ன தங்கச்சி, கோட்டை பாக்கிறாய்? உன்ர ஐயாவைத் தூக்கப் போறாங்கள்! விடியவே சொல்லிவிட்டனான், இப்பதானோ வாறாய்?”

சீதேவி அருளப்புவைப் பார்த்தாள். பிறகு மயில்வாகனத்தைப் பார்த்தாள். அவர் குடையை விரித்தார்.

அவள் ஓடினாள். நெடுந்தீவு ஒழுங்கைகள் கல்வேலிக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். அவள் ஒழுங்கையால் போகவில்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிகளுக்கு மேலால் ஏறி நேரே போனாள். அவள் ஏறின இடமெல்லாம் கல் சரிந்து விழுந்தது. நான் பின்னால் விழுந்தெழும்பிக்கொண்டு ஓடினேன். மாடுகள் மிரண்டன.

நாங்கள் போய்ச் சேர, பாடை வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்துவிட்டது. பெண்டுகள் படலைக்குள்ளே நின்று அழுகிறார்கள். அதற்கு மேல் அவர்கள் வருவதில்லை. சீதேவி ஒழுங்கைக்கு நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பறை நின்றது.

“இறக்குங்கோ. நான் வாய்க்கரிசி போடேல்லை.”

முன்னால் வந்த கிழவர் ஒருவர், “பிள்ளை, படலை தாண்டின பாடையை இறக்கக் கூடாது. பொம்பிளையள் இஞ்சாலை வரவும் கூடாது. விலகு” என்றார்.

“விலக ஏலாது.”

“நீ என்ன பிள்ளை, ஊர் வழக்கம் தெரியாதவளோ?”

“தெரியும். இறக்க வேண்டாம். குனியுங்கோ.”

அவளுடைய தமையன், கொள்ளிச்சட்டி பிடித்து நின்றவன், “குனியுங்கோடா” என்றான். பாடை தூக்கினவர்கள் தோளிலிருந்து எடுக்காமல் முழங்காலை மடித்து அப்படியே பதிந்தார்கள். மச்சாள்காரி அரிசியோடு ஓடி வந்தாள். முகத்துணியை விலக்கினார்கள். சீதேவி அரிசியைத் தகப்பன் வாயில் போட்டாள். அழவில்லை. “சரி, கொண்டுபோங்கோ” என்று வழி விட்டாள்.

நாங்கள் முழுகிவிட்டுப் பந்தலுக்குள் இருக்கும்போது மயில்வாகனத்தின் வண்டில் வந்தது. அவர் படலைக்கு வெளியே நின்றார். அம்பிகை அழுது முகம் வீங்கியிருந்தாள். அழுகை சரவணமுத்தருக்காக இல்லை.

“மாமா, விடியவே உங்களுக்குத் தெரியுமோ? அப்ப என்ர பொங்கல்? துடக்கோடை இருந்த ஆளே பொங்கினது?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை. கேட்டாத்தான் துடக்கு. அவளின்ரை காதிலை விழேல்லை, அப்ப அவள் சுத்தம். அதுக்காகத்தானே நான் சொல்லேல்லை.”

பாருங்கள் நியாயத்தை! சாவுச் சேதி கடல் கடந்து பிந்தி வருகிற சனத்துக்காக ஏற்பட்ட விதி அது. கேட்ட நேரத்திலிருந்து துடக்குக் காத்தால் போதும் என்று எங்கள் ஆட்கள் இரங்கி வைத்தது. அதை எடுத்து ஒரு மகளின் காதை அடைக்கத் துணியாக்கிவிட்டார்.

சீதேவி விரித்த தலையோடு எழும்பிப் படலைக்கு வந்தாள்.

“அத்தான், எனக்குக் கேக்கேல்லை, சரி. உங்களுக்குக் கேட்டதுதானே?”

“நான் என்ன அவரின்ரை மகனோ? எனக்கென்ன துடக்கு?”

“மகனில்லை. சம்பந்தி வீட்டு மூத்த ஆம்பிளை. சாவைக் கேட்டுப்போட்டு, முழுகாமல், கேட்ட காதோடை கோயிலுக்குள்ளை போய் முதல் ஆளாத் தீர்த்தம் வாங்கினது நீங்கள். பொங்கல் கெட்டிருந்தா என்னாலை கெடேல்லை.”

பந்தலுக்குள்ளிருந்து ஒரு கிழவி குரல் கொடுத்தாள்: “கனநேரமா நிக்கிறார், ஒரு கதிரை குடுங்கோவன். கால் நாலும் இருக்கோ எண்டு பாத்துக் குடுங்கோ!”

செத்தவீட்டில் சிரிக்கக் கூடாது. சில பெண்டுகள் முந்தானையை வாயில் அமத்திக்கொண்டார்கள். மயில்வாகனத்தின் முகம் கறுத்தது.

“வாரும், வள்ளம் வெளிக்கிடப் போகுது” என்றார் சீதேவியிடம், ஒன்றும் நடக்காதது மாதிரி. “காடாத்து முடிஞ்ச பிறகு வேணுமெண்டா அனுப்பிவிடுறன்.”

“நீங்கள் அனுப்ப நான் பார்சலோ?”

அவள் திரும்பிப் பந்தலுக்குள் போனாள். அம்பிகை மாமனோடு பேசாமல் வண்டிலில் ஏறினாள்.

புளியங்கூடலுக்கு வந்ததும் நான் மார்க்கண்டுவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தமையன் வீட்டு மாட்டுக்குத் தூக்கின வைக்கோல் கட்டைக் கீழே போட்டான். அன்றைக்கே நெடுந்தீவுக்குப் போனான். முப்பத்தோராம் நாள் முடிந்தும் இரண்டு பேரும் வரவில்லை. அங்கேயே ஒரு துண்டுக் காணியில் கொட்டில் போட்டு இருந்துவிட்டார்கள். பசு நாலு, பனை கொஞ்சம். சீதேவியின் சொதிக்குள் இப்போது மணல் இல்லை. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன்.

மயில்வாகனம் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார், பாடையை நடு ஒழுங்கையில் மறித்த அடங்காப்பிடாரி என்று. சொல்லட்டும். கேட்கிறவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல நான் இருக்கிறேன். அவர் வீட்டு மாட்டுக்கு இப்போது அவரேதான் வைக்கோல் போடுகிறார்.