ஒரு நாளில் தப்பிப்போன உறைந்த ஏரி: ஏப்ரல் தொடக்கத்தில் பின்லாந்து

என் மனைவி கோமதி முப்பத்தொரு வருஷம் சயன்ஸ் டீச்சராக இருந்தவள். ஏரி உறையும்போது மேல்பக்கம் மட்டும்தான் கட்டியாகும், கீழே தண்ணீரில் மீன்கள் உயிரோடு இருக்கும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். திருவனந்தபுரத்தில் ஃப்ரிட்ஜைத் தாண்டி ஐஸைப் பார்த்தவள் இல்லை. ஓய்வு பெற்ற அன்று என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "உறைஞ்ச ஏரி மேலே ஒரு தடவை நிக்கணும்." அதற்காகத்தான் இந்த ஏப்ரல் முதல் வாரம் பின்லாந்து போனோம். அவள் நிற்கவில்லை. காரணம் நான். போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரலைத் தேர்ந்தெடுத்த புத்திசாலியும் நானே. ஜனவரியில் மைனஸ் இருபது என்றார்கள். வசந்தகாலத்தில் போனால் ஏரியும் உறைந்திருக்கும், பூக்களையும் பார்க்கலாம் என்று நினைத்தேன். பூவாவது ஒன்றாவது! மரங்களில் இலைகூடக் கிடையாது. வழியெல்லாம் அழுக்குப் பனி, உருகிய சேறு. பகலில் மூன்று டிகிரி, விடிகாலையில் மைனஸ் நான்கு. பகலில் உருகியது இரவில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடுகிறது, அதனால் காலை ஒன்பதுக்கு முன் நடக்கவே பயமாக இருந்தது.

புறப்பட்ட அன்று பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, காலை 9.40 விமானத்தில் தோஹா வழியாக ஹெல்சிங்கி. இரண்டு பேருக்கும் போக வர ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஆனது. மறுநாள் செவ்வாய்க்கிழமை 12.35 ரயிலில் 170 கிலோமீட்டர் வடக்கே ஓர் ஏரி நகரத்துக்குப் போனோம். 2.20க்கு இறங்கினோம். ஒரு நிமிஷம் முன்பின் இல்லை.

டாக்ஸி ஓட்டியவர் திருவனந்தபுரம் பக்கத்து நெடுமங்காட்டுக்காரர். எங்கே போனாலும் நம் ஆட்கள்! ஓட்டல் ஆறு கிலோமீட்டர், ஏரிக்கரை ஓரமாகவே ரோடு. வெள்ளை வெளேரென்று ஏரி கிடந்தது. நகரசபை குச்சி நட்டுக் குறித்திருந்த பாதையில் ஜனங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்து போனார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"சாரே, இன்னு தன்னெ போணும். வைகிட்டு மழயுண்டு. நாளெ இவர் அடைக்கும்."

இன்றே போய்விடுங்கள், சாயங்காலம் மழை இருக்கிறது, நாளைக்குப் பாதையை மூடிவிடுவார்கள் என்றார். கோமதி ஏற்கனவே கதவுப் பிடியில் கை வைத்திருந்தாள்.

"இங்கேயே எறங்கிடலாமே. ஒரு அஞ்சு நிமிஷம் மதி எனக்கு, போதும்."

மணி 2.50. நான் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவன், ஏழு நாளுக்கும் டேபிள் போட்டுப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். செவ்வாய், 3 முதல் 4.30 வரை ராகுகாலம், ஓட்டலில் ஓய்வு. ஏரி, புதன் காலை 10 மணி. முட்டுவலிக்காரியை முதல்முதலாக ஐஸ்மேல் இறக்கப் போகிறோம், ராகுகாலத்திலா? "நாலரைக்கு மேலே பாத்துக்கலாம்," என்றேன். கோமதி ஏதோ சொன்னாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். 22 யூரோ.

4.20க்கு மழை பிடித்தது. விடிய விடியப் பெய்தது.

புதன் காலை டேபிள்படி சரியாகப் பத்து மணிக்குப் போய் நின்றோம். குச்சிகளைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். சிவப்பு எழுத்தில் போர்டு. ஐஸ்மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், கரையோரம் விரிசல். கோமதி பத்து நிமிஷம் பார்த்தாள். பிறகு கரையில் கிடந்த ஒரு ஐஸ் துண்டை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். "மெதக்கறது," என்றாள். மிச்ச நாட்களில் மியூசியம், படகுத்துறை, எல்லாம் டேபிள்படியே நடந்தது. எதுவும் மனதில் ஒட்டவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இது போதும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை அங்கேயே 18 யூரோவுக்குக் கிடைக்கும், முதல் நாளே வாங்கிவிடுங்கள். பனியில் வெயில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி தேவை. ராத்திரி எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

அந்த எட்டு மணியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். வலியசாலை வீட்டுக்கு வந்து இதை எழுதும்போது, ராகுகால வரியைச் சரிபார்க்கச் சொல்லிக் கோமதியிடம் காட்டினேன். படித்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"மூணு டு நாலரை இந்த ஊர்க் கணக்கு. ஆறு மணிக்கு விடிஞ்சு ஆறு மணிக்கு இருட்டற ஊருக்கு. அங்கே 6.35க்கு விடிஞ்சு 8.05க்கு அஸ்தமனம். பகலை எட்டாப் பிரிச்சா, செவ்வாய்க்கிழமை ராகுகாலமான ஏழாவது பங்கு 4.42க்குத்தான் ஆரம்பிக்கறது."

நான் போட்டுப் பார்த்தேன். சரிதான். நாங்கள் ஓட்டல் ஜன்னலில் உட்கார்ந்து கழித்த நேரம் முழுக்க நல்ல நேரம்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. கார்லேயே ரெண்டு தடவை சொன்னேன்," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

அடுத்த மாதம் அவளுக்கு முட்டு ஆபரேஷன். ஐஸ்மேல் நடப்பதெல்லாம் இனி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் போய் இறங்கும் நாளில் ஏரி திறந்திருந்தால் அறைக்குக்கூடப் போகாதீர்கள், பெட்டியோடு நேரே ஏரிக்குப் போங்கள். காரில் பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொன்னால், கையில் இருக்கும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.