என்னை நிறுத்திய சொல்

என் மகளுக்கு ஆட்டிசம். ஒன்பது வயதுவரை பேச்சு வரவில்லை. பிள்ளையிடம் நிறையப் பேசுங்கள் என்று யாரோ சொல்லிவிட, எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. எங்கள் ஊர் பேத்துப்பாறையில் பூண்டு உரிக்கும்போதே கூட இருக்கும் பெண்கள் என் வாய்க்குப் பயந்து தள்ளி உட்காருவார்கள். வீட்டில் கேள்வியும் நானே, பதிலும் நானே. "பசிக்குதா தங்கம்? பசிக்குதும்மா. தோசை வேணுமா? வேணும்மா."

கொடைக்கானலில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவ பதிலையும் நீங்களே சொல்லிட்டா அவ எப்பங்க பேசுவா? ஒரு தடவ கேளுங்க. அப்புறம் பேசாம அவ முகத்தையே பாருங்க."

பேரிக்காயைக் காட்டி, "வேணுமா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவள் உதடு அசைவது போலிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா வருவார். "பச்சப்புள்ளைய இப்படியா ஏங்க விடுவ?" என்று பழத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிடுவார். அக்கா வராத நாளில் நானே பேசிக் கெடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் மட்டும், "நல்ல பயிற்சியா இருக்கு, விட்ராத" என்றார்.

ஒருநாள் பயிற்சி முடிந்து பஸ்ஸில் திரும்பினோம். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம் இருந்த மகள் திரும்பி, என் வாயைப் பொத்தி, "போது" என்றாள்.

கடைசி 'ம்' இல்லை. ஆனாலும் பஸ்ஸுக்கே கேட்டது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என் சாமி, பேசிட்டியா! இன்னொரு தடவ சொல்லும்மா, அம்மா கேக்குறேன்ல, எங்க சொல்லு..."

"போது!"

விஷயத்தைக் கேட்டு வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, "கல்யாணமான நாள்ல இருந்து நான் சொல்ல நெனச்சதுடி" என்றார்.

டீச்சரிடம் போனில் சொன்னேன். "அவ போதும்னா நிறுத்திரணும். இல்லேன்னா சொல்லி என்ன பிரயோசனம்னு விட்ருவா" என்றார்.

அவள் சொன்னபோதெல்லாம் நிறுத்தினோம். சில நாள் பாதித் தட்டுச் சோறு அப்படியே கிடந்தது. அய்யம்பாளையத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சடை பின்னிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, இந்தப் பக்கம் விரிஞ்சு கெடக்கு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார்.

"அவளே போதும்னு சொல்லிட்டா பெரியம்மா" என்றேன் பெருமையாக.

பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அப்போது மட்டும் மகள் வாயே திறக்கவில்லை.